முகம் வயசு காட்டத் தொடங்கினா: எதை முதல்ல பாக்கிறது, எந்த இடத்தில டொக்டரிட்ட போறது

கொழும்பு வெள்ளவத்தையில பாமசி கவுண்டருக்குப் பின்னால நிக்கிற எனக்கு இருமல், காய்ச்சலுக்கு அடுத்ததாக் கூட வாற கேள்வி இதுதான்: "பிள்ளை, முகம் கிழடு தட்டின மாதிரி இருக்கு, நல்ல கிறீம் ஒண்டு இருக்கோ?" 35 தாண்டின அக்காமார் கேப்பினம், பேரப்பிள்ளை கண்ட அன்ரிமார் கேப்பினம், இப்ப ஆம்பிளையளும் வருகினம், என்ன, அவை "வைஃபுக்கு" எண்டு சொல்லித்தான் கேப்பினம். கிறீம் விக்கிறதுதான் என்ர வேலை, எண்டாலும் உள்ளதைச் சொல்லுறன், வாற கனபேருக்குத் தேவை புதுசா ஒண்டு பூசுறது இல்ல, ஏற்கனவே பூசுறதில ஒண்டு ரெண்டை நிப்பாட்டுறதுதான். அதால கீழ அறிகுறி அறிகுறியாப் பிரிச்சு, காசு போகாத வேலையில இருந்து காசு கூடின வேலை வரைக்கும் வரிசையா எழுதியிருக்கிறன். உங்கட பிரச்சினை எந்தத் தலைப்போ அங்க போங்கோ. மேல இருக்கிறதைச் செய்து பாக்காமக் கீழ இருக்கிறதுக்குப் பாயாதேங்கோ.

எதுக்கும் முதல் படம் எடுத்து வையுங்கோ. விடிய முகம் கழுவிப்போட்டு, யன்னலடியில, லைட் போடாம, ஃபில்டர் இல்லாம நேர ஒண்டு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்டு. மாசத்துக்கு ஒருக்கா அதே இடத்தில அதே நேரத்தில திருப்பி எடுங்கோ. பாத்ரூம் கண்ணாடியை வச்சு முடிவெடுக்காதேங்கோ, மேல இருந்து விழுற லைட்டில ஆருக்கும் பத்து வயசு கூடத்தான் தெரியும்.

அறிகுறி: முகம் பொலிவில்ல, தொட்டா சொரசொரப்பு, மெல்லிசாக் கோடு கோடாத் தெரியுது

இது வயசோ வறட்சியோ எண்டு பிரிக்கிறது லேசு. முகத்தைக் கழுவி, ஈரம் முழுக்கக் காய முதல் வாசமில்லாத சாதாரண மொய்ஸ்சரைசர் பூசி, ஒரு கால் மணித்தியாலம் கழிச்சு யன்னலடியில பாருங்கோ. கோடு மங்கிப் போச்செண்டால் வறட்சி. அசையாம நிக்குதெண்டால் கீழ "கோடு" எண்ட தலைப்புக்குப் போங்கோ.

வறட்சி எண்டால் முதல் சந்தேகம் சோப். உடம்புக்குப் போடுற கட்டிச் சோப்பையே முகத்துக்கும் போடுறவை எங்கட ஆக்களில கனக்க. தோலின்ர பிஎச் 5 அளவில இருக்கும், கட்டிச் சோப் 9, 10க்குக் கிட்ட. கழுவினாப் பிறகு முகம் இறுகி இழுபட்டா அதைத் துப்பரவு எண்டு நினைக்கிறம், உண்மையில தோலில இருக்கவேண்டிய எண்ணெயும் சேந்து போட்டுது. நுரை குறைஞ்ச ஃபேஸ் வொஷ் ஒண்டுக்கு மாறி இரவில மட்டும் போட்டு, விடியப் பச்சைத் தண்ணியால கழுவி ரெண்டு கிழமை பாருங்கோ.

ரெண்டாவது தேய்க்கிறது. சீனி, கோப்பித்தூள், கோது அரைச்ச ஸ்கிரப், எல்லாத்தையும் விடுங்கோ.

மூண்டாவது ஏசி. "கொழும்பு வேர்த்துக் கொட்டுற ஊர், எனக்கென்னத்துக்கு மொய்ஸ்சரைசர்?" எண்டு கேக்கிறவை கோட்டைப் பக்கம் பெரிய பில்டிங்கில 8 மணித்தியாலம் ஏசிக் காத்துக்கு நேர கீழ இருந்து வேலை செய்யிறவையாத்தான் இருப்பினம். கதிரையைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கோ, இல்லாட்டி காத்து வாற தகட்டை மேல தள்ளச் சொல்லுங்கோ, காசு போகாத வேலை. பிறகு கிறீம். எண்ணெய்த் தோலுக்கு ஜெல் மாதிரி இருக்கிறது, வறண்ட தோலுக்கு கிளிசரின், செராமைட் எண்டு பெட்டியில எழுதியிருக்கிற எதுவும் சரி. விலைக்கும் வேலைக்கும் இதில பெரிய சம்பந்தம் இல்ல.

இவ்வளவும் ஒழுங்காச் செய்து 6 கிழமையும் போட்டுது, வறட்சி விடேல்ல, அதோட களைப்பு, முடி கொட்டுது, சாப்பிடாமலே உடம்பு வைக்குது, மலச்சிக்கல், குளிர் தாங்கேலாம இருக்கு எண்டால் கிறீமை மறந்திட்டு டொக்டரிட்ட கேட்டு தைரொயிட்டுக்கு டிஎஸ்எச் எண்ட இரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கோ. மாதவிடாய் நிக்கிற வயசில தோல் மெலிஞ்சு வறளுறது ஈஸ்ட்ரஜன் குறையிறதால, அது நோயில்ல, கொஞ்சம் தடிப்பான கிறீமுக்கு மாறினாச் சரி.

அறிகுறி: கன்னம், நெத்தி, மூக்கில பழுப்பாத் திட்டு, நிறம் கலங்கிப் போச்சு

இதைத்தான் ஆறுதலா வாசியுங்கோ, எங்கட நிறத் தோலில வயசு முதல்ல திட்டாத்தான் காட்டும், சுருக்கம் பிந்தித்தான் வரும். வெள்ளைக்காரர் போடுற வீடியோவைப் பாத்து சுருக்கத்துக்குக் கிறீம் வாங்கிற சனம் இதை யோசிக்கிறேல்ல.

ரெண்டு கன்னத்திலயும் ஒரே மாதிரிப் படர்ந்திருந்தா அது மங்கு. வெயில், பிள்ளை வயித்தில இருக்கிற காலம், குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை, பரம்பரை, இந்த நாலில ஒண்டோ ரெண்டோ இருக்கும். சமையலறைச் சூடும் சிலருக்குக் கூட்டும். மாத்திரை தொடங்கினாப் பிறகுதான் வந்தது எண்டால் நீங்களா நிப்பாட்டாம, எழுதித் தந்த டொக்டரிட்டயோ கிளினிக்கிலயோ வேற முறை கேளுங்கோ.

முந்திப் பரு இருந்த இடத்தில மட்டும் புள்ளி புள்ளியா நிண்டா அது வயசே இல்ல. பருவையும் கையையும் தூரத்தில வச்சா மாசக்கணக்கில தானா மங்கும்.

நெத்தி ஓரம், காதடி, கழுத்துப் பக்கம் சாம்பல் கலந்த கறுப்பு எண்டால் நான் முதல்ல கேக்கிறது, "அன்ரி, தலைக்கு என்ன டை அடிக்கிறனீங்கள்?" கறுப்பு டையில இருக்கிற பிபிடி எண்ட ரசாயனம் ஒத்துக்கொள்ளாத ஆக்களுக்கு முதல் கடிக்கும், பிறகு டை பட்ட ஓரம் கறுத்துக்கொண்டே வரும். கடிக்காமலே கறுக்கிறதும் உண்டு. "இயற்கை", "மூலிகை" எண்டு பெட்டியில போட்டிருந்தாலும் பின்பக்கத்தை வாசியுங்கோ, கனக்கவற்றில பிபிடி இருக்கும். டையை நிப்பாட்டாம இதுக்கு என்ன கிறீம் போட்டும் வேலையில்ல.

வாயைச் சுத்தி, கன்னத்தில ஒழுகின மாதிரி கோணல்மாணலான கறுப்பு எண்டால் தேசிக்காய். தேசிக்காய்ப் புளியைப் பூசிப்போட்டு வெயில்ல இறங்கினா தோல் வெந்து, கொப்பளிச்சு, பிறகு மாசக்கணக்கில கறுத்து நிக்கும். கடலை மா, தயிர், கற்றாழை பூசுறவையோட எனக்குச் சண்டையில்ல, தேசிக்காய் மட்டும் ரசத்தோட நிக்கட்டும்.

முகத்தின்ர வலப்பக்கம் மட்டும் கூடக் கறுத்திருந்தா நீங்கள் வாகனம் ஓடுற ஆள். எங்கட நாட்டில ஸ்டியரிங் வலப்பக்கம், வெயில்ல வாற புற ஊதாக் கதிரில (யூவி) யூவிஏ, யூவிபி எண்டு ரெண்டு வகை, பக்கக் கண்ணாடி யூவிபியை மறிக்கும், யூவிஏயைக் கனக்க உள்ள விடும். முன் கண்ணாடி ரெண்டு தகடு ஒட்டினது, அது பரவாயில்ல. பின்னேரம் காலி வீதி பஸ்ஸில கடல் பக்கம் இருந்து போறவைக்கும், ஓட்டோ ஓடுற அண்ணாமாருக்கும் இதே கதைதான்.

கழுத்துக்குப் பின்னால, கமக்கட்டில தடிப்பா, தொட்டா வெல்வெட் மாதிரிக் கறுப்பு எண்டால் தேய்ச்சுக் கழுவாதேங்கோ, அது அழுக்கும் இல்ல வயசும் இல்ல. இன்சுலின் சரியா வேலை செய்யாத உடம்பு அப்பிடிக் காட்டும். வெறுவயித்தில சுகர் பாருங்கோ, முடிஞ்சா மூண்டு மாசச் சுகர் சராசரியைக் காட்டுற எச்பிஏ1சியும். நிறையைக் குறைச்சா கழுத்தும் தெளியும்.

இனி வைத்தியம். முதல்ல குடை, காசு போகாது. கொழும்பில மப்பில்லாத நாள்ல மத்தியானம் யூவி சுட்டெண் (வெயில்ல யூவி எவ்வளவு கடுமை எண்டு காட்டுற எண்) 11ஐத் தாண்டும், உலக சுகாதார நிறுவனத்தின்ர அளவில அதுக்கு மேல வேற படியே இல்ல. சித்திரை வருசத்தை ஒட்டி வளிமண்டலவியல் திணைக்களம் எந்த ஊருக்கு மேல சூரியன் உச்சம் கொடுக்குது எண்டு நாளுக்கு நாள் அறிவிக்குமே, அந்த ஏப்ரல் முன்பாதியிலயும், திருப்பி ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கத்திலயும் வெயில் நேர உச்சந்தலையில. சுட்டெண் பாக்க ஃபோன் தேவையில்ல, ரோட்டில உங்கட நிழல் உங்களை விடக் கட்டையா இருந்தா குடையை விரியுங்கோ. மப்பு எண்டு விடாதேங்கோ, மெல்லிய முகிலுக்குள்ளால 80 வீதம் வரைக்கும் யூவி இறங்கும்.

ரெண்டாவது சன்ஸ்கிறீன், கனபேர் சறுக்கிற இடமும் இதுதான். ரியூப்பில போட்டிருக்கிற பாதுகாப்பு எண் (எஸ்பிஎஃப்) 30 எண்டால் யூவிபியில 97 வீதத்தை மறிக்கும், 50 எண்டால் 98 வீதம், அந்த ஒரு வீதத்துக்காக விலையைக் கூட்டாதேங்கோ, 30க்குக் குறையாம இருக்கோ, யூவிஏக்கு பிஏ பிளஸ் அடையாளம் மூண்டு நாலு போட்டிருக்கோ எண்டு மட்டும் பாருங்கோ. ஆனா அந்தக் கணக்கெல்லாம் ஒழுங்கான அளவு பூசினாத்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டு முழு நீளத்துக்கும் பிதுக்கினா வாறதுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் அளவு. ஒரு ரியூப்பை ஆறு மாசம் பாவிச்சன் எண்டு பெருமையாச் சொல்லுறவை உண்டு, அப்ப பூசவேயில்லை எண்டுதான் அர்த்தம். வெளியில நிக்கிற ஆள் 2 மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திருப்பிப் போடோணும். மங்கு இருக்கிறவை சாதாரண வெள்ளைச் சன்ஸ்கிறீனை விட நிறம் கலந்ததை வாங்குங்கோ, மங்கைக் கண்ணுக்குத் தெரியிற வெளிச்சமும் கூட்டும், நிறத்துக்குப் போடுற அயன் ஒக்சைட்தான் அதை மறிக்கும்.

இந்த ரெண்டையும் மட்டும் 3 மாசம் செய்து படத்தைப் பாருங்கோ. கொஞ்சமாவது குறைஞ்சிருந்தா அப்பிடியே விடுங்கோ. குறையாட்டி நியாசினமைட், இல்லாட்டி அசிலேயிக் அசிட், ரெண்டில ஒண்டு இருக்கிற கிறீம். அதுக்கும் மசியாட்டி கவுண்டர்ல நிக்காதேங்கோ, ஹைட்ரோகுயினோன், டிரானெக்சாமிக் அசிட் எல்லாம் டொக்டர் எழுதி, காலம் குறிச்சுப் பாவிக்கிற சாமான். ஹைட்ரோகுயினோனை வருசக்கணக்காத் தானா பூசின ஆக்களுக்கு நீலச் சாம்பலாக் கறுத்து, பிறகு எடுக்கவே ஏலாமப் போறது உண்டு.

அறிகுறி: கண்ணுக்குக் கீழ கறுப்பு, பள்ளம்

ரெண்டு சோதனை. கீழ்த் தோலை விரலால மெல்லப் பக்கத்துக்கு இழுங்கோ. கறுப்பு அப்பிடியே தோலோட வந்தா நிறம். தோல் இழுபட இன்னும் நீலமாத் தெரிஞ்சா உள்ள இருக்கிற இரத்தக் குழாய். பிறகு யன்னலைப் பாத்து நிண்டு முகத்துக்கு நேர வெளிச்சம் பட விடுங்கோ, கறுப்பு மறைஞ்சிட்டுது எண்டால் அது பள்ளத்தின்ர நிழல், அதுக்கு எந்தக் கிறீமும் இல்ல.

நிறம் எண்டால் முதல்ல கண்ணைக் கசக்கிறதைப் பாருங்கோ. தூசி, அலர்ஜி, விடிய விடியத் தும்மல் இருக்கிற ஆக்கள் கசக்கிக் கசக்கியே கறுப்பாக்கி வச்சிருப்பினம், அலர்ஜிக்கு மருந்து எடுத்தாக் கறுப்பும் குறையும். படியேறக் களைக்கிறது, மாதவிடாய் கூடப் போறது எண்டால் எஃப்பிசி (இரத்த அணு எண்ணிக்கை), ஃபெரிட்டின் (உடம்பில இருக்கிற இரும்புச் சத்து) எண்ட ரெண்டு இரத்தப் பரிசோதனையும் எடுத்து இரத்தச்சோகை பாருங்கோ. அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் அதே கறுப்பு இருந்ததெண்டால் அது குடும்பச் சொத்து, கிறீமுக்குக் காசைக் கொட்டாதேங்கோ. பள்ளத்தை நிரப்ப ஃபில்லர் எண்டு ஒரு ஊசி போடுகினம், கண்ணடி ஆபத்தான இடம், தவறி இரத்தக் குழாய்க்குள்ள போனாப் பார்வைக்கே கேடு, சலூன்ல ஒரு நாளும் போடாதேங்கோ.

அறிகுறி: கோடு

கண்ணாடிக்கு முன்னால சிரியுங்கோ, பிறகு முகத்தைத் தளர விடுங்கோ. சிரிக்கேக்க மட்டும் வந்தா அது தசை மடியிற கோடு, எல்லாருக்கும் வரும். தளர விட்டும் நிண்டாத்தான் தோல் தேஞ்சு போற கோடு.

முதல் காரணம் கண்ணைச் சுருக்கிறது. வாசிக்க ஃபோனைத் தூரத்தில பிடிக்கிறீங்கள் எண்டால் கண் பரிசோதிச்சுக் கண்ணாடி போடுங்கோ, 40 தாண்டினாப் பிறகு இது ஆருக்கும் வாறது. வெயிலுக்குக் கூலிங் கிளாஸ். சிகரெட் இருந்தா அது நிக்கும் வரைக்கும் மற்றதெல்லாம் வீண்செலவு.

அடுத்தது ரெட்டினோல், விற்றமின் ஏ குடும்பத்துச் சாமான். கிறீமுகளுக்குள்ள சுருக்கத்துக்கு வேலை செய்யுது எண்டு உறுதியாச் சொல்லக்கூடியது சன்ஸ்கிறீனுக்குப் பிறகு இந்தக் குடும்பம்தான். இரவில, காஞ்ச முகத்தில, ஒரு பட்டாணி அளவு முழு முகத்துக்கும், கிழமைக்கு ரெண்டு இரவு, மேல மொய்ஸ்சரைசர். ஒரு மாசம் எரியாமப் போனா மூண்டு இரவு. அவசரப்பட்டு ஒவ்வொரு நாளும் பூசி முகத்தைப் புண்ணாக்கினா எங்கட தோல் அந்தப் புண்ணுக்கும் சேத்துக் கறுக்கும், சுருக்கத்துக்குப் போனவ மங்கோட திரும்பி வந்த கதையா முடியும். பலன் தெரிய 3, 4 மாசம் எடுக்கும். பிள்ளைக்கு முயற்சி செய்யிறவை, வயித்தில பிள்ளை இருக்கிறவை தொடவே கூடாது, அதே குடும்பத்து டிரெட்டினோயினும் அடாப்பலீனும் அதே மாதிரி. கையில பேபி இருந்தாலும் முதல் கேளுங்கோ.

இதுக்கு மேல போட்டொக்ஸ், தசையைத் தளர விடுற ஊசி. 3, 4 மாசம் நிக்கும், பிறகு திருப்பிக் காசு. வேணுமெண்டால் டொக்டரிட்ட மட்டும்.

அறிகுறி: சின்னச் சின்னக் கறுப்பு முளை, பாலுண்ணி

கன்ன எலும்பில, கண்ணோரத்தில குண்டூசித் தலை அளவு கறுப்பு முளைகள் எங்கட சனத்துக்குச் சாதாரணம், அப்பா அம்மாவுக்கும் இருந்திருக்கும், தீங்கில்ல. கழுத்தில தொங்கிற பாலுண்ணியும் அப்பிடித்தான், கனக்க வந்தா சுகரை ஒருக்காப் பாருங்கோ. நூல் கட்டுறது, சுண்ணாம்பு வைக்கிறது, ஒன்லைன்ல வாற மரு எடுக்கிற தண்ணி, ஒண்டும் வேண்டாம், தழும்புதான் மிஞ்சும். வடிவுக்கு எடுக்கோணும் எண்டால் தோல் டொக்டர் சில நிமிசத்தில சுட்டெடுத்துப் போடுவார்.

அறிகுறி: கன்னம் தொங்குது, தாடைக் கோடு மறையுது

திடீரெண்டு நிறை குறைச்சீங்களோ? கொடுப்புப் பல்லுப் பிடுங்கினீங்களோ? ரெண்டாவதைக் கேட்டா எல்லாரும் சிரிப்பினம், ஆனா பல்லு போனாக் கன்னம் உள்ள விழும், பல் டொக்டர்தான் மலிவான வழி. மற்றபடி தொங்கினதைத் தூக்கிற கிறீம் எண்டு ஒண்டு இல்ல. நான் விக்கிற கடையிலயே அப்பிடி எழுதின டப்பா இருக்கு, அதுக்கும் சேத்துத்தான் சொல்லுறன்.

அறிகுறி: கிறீம் போடத் தொடங்கினாப் பிறகுதான் மோசம்

முதல் வாரம் வெள்ளையா, பளபளப்பா வந்து, பிறகு சிவந்து, பரு போட்டு, கன்னத்தில பூனைமயிர் வளந்து, மெல்லிய சிவப்பு நரம்பு தெரியுதெண்டால் கிறீமுக்குள்ள ஸ்டீரொயிட். ரியூப்பில பீட்டாமெதசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் எண்டு இருக்கோ பாருங்கோ. நிப்பாட்டி ரெண்டு மூண்டு நாள்ல முகம் எரிஞ்சு நெருப்பாச் சிவந்தா தோல் அதுக்கு அடிமையாப் போட்டுது. திருப்பிப் பூசினா அடங்கும், அதை நம்பித்தான் கனபேர் வருசக்கணக்கா மாட்டுப்பட்டிருக்கினம். அந்த நிலையில கவுண்டர் வைத்தியம் இல்ல, நேர தோல் டொக்டர்.

பேர் ஊர் இல்லாத டப்பா, சலூன்ல கலந்து குடுக்கிற "நைட் கிறீம்", ஃபேஸ்புக்கில வாங்கின வெள்ளையாக்கிற கிறீம் எண்டால் பாதரசத்தையும் சந்தேகப்படுங்கோ. லேபிளை வாசியுங்கோ: மேர்க்குரி, கலோமெல் எண்டு இருந்தாலோ, "தங்கம், வெள்ளி நகையில படக்கூடாது" எண்டு எச்சரிக்கை இருந்தாலோ அதுதான். ஒண்டும் எழுதாமலும் இருக்கலாம். பாதரசம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும், உங்கட முகத்தோட முகம் வச்சுப் படுக்கிற பிள்ளைக்கும் போகும். அண்டைக்கே நிப்பாட்டி, பொலித்தீன்ல இறுக்கிக் கட்டி வச்சு, டொக்டரிட்ட காட்டுங்கோ.

இந்த ரெண்டும் இல்ல, சும்மா எரிவு, செதில் எண்டால் எல்லாத்தையும் நிப்பாட்டி மென்மையான வொஷ், மொய்ஸ்சரைசர், சன்ஸ்கிறீன் மூண்டோட 4 கிழமை இருங்கோ. பிறகு ஒவ்வொண்டா, ரெண்டு கிழமை இடைவெளி விட்டுத் திருப்பிச் சேருங்கோ, ஆர் கள்ளன் எண்டு தெரியும். புதுசா எதையும் முகத்துக்குக் கொண்டுபோக முதல் முழங்கை மடிப்பில நாலைஞ்சு நாள் பூசிப் பாருங்கோ.

நேர டொக்டரிட்ட போகவேண்டியது

இதுகளுக்கு மேல சொன்ன வரிசை பொருந்தாது. மச்சம் ஒண்டு பெருக்குது, ரெண்டு பாதியும் ஒரே மாதிரி இல்ல, ஓரம் கிழிஞ்ச மாதிரி, ரெண்டு மூண்டு நிறம், 6 மில்லிமீற்றரை விடப் பெரிசு. 4 கிழமையாகியும் ஆறாத புண், தட்டினா இரத்தம் வாற முளை. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில புதுசாக் கறுப்பு: எங்கட நிறத் தோலில மெலனோமா வந்தா இப்பிடி மறைவான இடத்திலதான் கூட வாறது, செருப்புக் கழட்டிப் பாக்கிற ஆக்கள் குறைவு. வெளிறின திட்டு தொட்டா உணர்வு இல்லாம மரத்துப்போய் இருந்தாத் தேமல் எண்டு விடாதேங்கோ, தொழுநோய் இல்லையெண்டு உறுதிப்படுத்தோணும், இலங்கையில இன்னும் இருக்கு, மருந்து இலவசம், முழுசாக் குணமாகும்.

காசில்லாட்டித் தேசிய வைத்தியசாலையில தோல் கிளினிக் இருக்கு, முதல் வெளிநோயாளர் பிரிவில (ஓபிடி) காட்டித் துண்டு எடுங்கோ, விடியவே போங்கோ. காசு கட்டித் தனியார்ல டொக்டரைச் சனல் பண்ணுறதெண்டால் பேருக்குப் பின்னால தோல் வைத்திய நிபுணர் எண்டு இருக்கோ பாருங்கோ. "ஸ்கின் கிளினிக்" எண்டு போர்ட் போட்ட எல்லா இடத்திலயும் டொக்டர் இருக்கிறேல்ல, இலங்கை மருத்துவச் சபையின்ர பதிவில பேரைத் தேடிப் பாக்கலாம். லேசர், பீல் (அசிட் பூசித் தோலின்ர மேல்படையை உரிக்கிறது) எண்டு சொன்னா ஆர் செய்யிறது, எங்கட நிறத்துக்கு முந்திச் செய்திருக்கினமோ, முதல் காதுக்குப் பின்னால சின்ன இடத்தில செய்து காட்டுவினமோ எண்டு கேளுங்கோ. அளவு பிசகினா சுட்டுக் கறுப்பாக்கிப் போடும், மங்குக்கு லேசர் போட்டு முந்தியை விடக் கூடி வந்தவையும் உண்டு.

போற அண்டைக்கு மேக்கப் வேண்டாம். மாசாமாசம் எடுத்த படம், குடிக்கிற மாத்திரை எல்லாம், வீட்டில இருக்கிற அத்தனை ரியூப், டப்பா, டைப் பெட்டி, தங்கச்சி டுபாயில இருந்து அனுப்பினது, பக்கத்து வீட்டு அக்கா தந்தது, எல்லாத்தையும் ஒரு ஷொப்பிங் பேக்கில போட்டு அப்பிடியே மேசையில கொட்டுங்கோ. வெக்கப்பட்டு ஒண்டையாவது ஒளிச்சா டொக்டர் கண்டுபிடிக்க இன்னும் ஒரு சனலிங் காசு போகும்.